வாசகர் கேள்வி பதில்: லாபத்துக்கு முன்பா, பின்பா?

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சுருக்கமாக சிஎஸ்ஆர்) பற்றிச் சென்ற இதழில் இப்பகுதியில் நான்கே வரிகள் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிற நாடுகளில் இது எப்படி நடக்கிறது என்று கேட்டவை. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (முதுகலை வணிகவியல் மாணவி): இந்தியா, இந்தோனேசியா, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுத இருக்கிறேன். நிறுவனங்கள் செலவிட்ட தொகையை அளவுகோலாகக் கொள்ளலாமா? சிஎஸ்ஆரைச் சட்டமாக்கிய உலகின் முதல் நாடு இந்தியா என்று பல இடங்களில் படித்தேன். அதை அப்படியே எழுதலாமா?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அந்த வாக்கியம் ஆய்வேடுக்கு ஆய்வேடு சரிபார்க்கப்படாமலேயே படியெடுக்கப்பட்டு வருகிறது. இந்தியாவின் கம்பெனிகள் சட்டம் 2013இல் நிறைவேறி, சமூகப் பொறுப்பைப் பற்றிய அதன் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்தோனேசியா 2007இலேயே தன் நிறுவனச் சட்டத்தின் 74ஆவது பிரிவில், இயற்கை வளங்களை எடுக்கும் தொழில்களும் அவற்றைச் சார்ந்த தொழில்களும் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று எழுதிவிட்டது. அதை எதிர்த்து அந்நாட்டு வணிகர் சபை தொடுத்த வழக்கை அரசியல் சாசன நீதிமன்றம் 2009இல் தள்ளுபடி செய்தது. அதே 2009இல் மொரீஷியஸ், நிறுவனங்கள் தம் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. ஆகவே "முதல் நாடு" என்று எழுதினால் தேர்வாளர் ஒருவர் கோடிட்டுக் கேட்கக்கூடும். பெரிய பொருளாதாரங்களுள், நிறுவனச் சட்டத்துக்குள்ளேயே லாபத்தில் இத்தனை விழுக்காடு என்று வரையறுத்த முதல் நாடு இந்தியா என்று எழுதினால் பிழையில்லை.

இனி அளவுகோல். செலவுத் தொகையை வைத்து ஒப்பிட்டால் உங்கள் ஆய்வேடு முதல் அட்டவணையிலேயே தடுமாறும். இந்தியாவில் அந்தத் தொகை முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காடு. வருமான வரிக் கணக்கில் அதை வணிகச் செலவாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது. இந்தோனேசியாவில் விழுக்காடே கிடையாது. நிறுவனம் தன் ஆண்டுத் திட்டத்தில் அதை ஒரு செலவினமாகவே எழுதிக்கொள்கிறது. அளவு "நியாயமும் தகுதியும்" பார்த்து அமைய வேண்டும் என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. பிரான்சில் இப்படி ஒரு தொகையே கிடையாது. அப்படியானால் பிரான்சின் பொறுப்பு பூஜ்யமா? அங்கே சட்டம் கேட்பது வேறொன்றை. அதைப் பற்றிக் கீழே ஆயத்த ஆடைத் தொழிலிலிருந்து வந்த கடிதத்துக்கான பதிலில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

என் யோசனை இது. லாபம் வந்த பிறகு அதில் ஒரு பங்கைக் கேட்கும் நாடு எது, லாபம் வரும் வழியில் யாருக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேட்கும் நாடு எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை யார் கேட்கலாம், அரசா, பங்குதாரரா, நீதிமன்றமா, தெருவில் போகும் யாருமா என்பதை அடுத்து வையுங்கள். பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அதற்கும் அடுத்தது. இந்த வரிசையில் பார்த்தால் மூன்று நாடுகளும் ஒரே அட்டவணையில் அடங்கும்.

கேள்வி (தனியார் நிறுவனக் கணக்காளர்): எங்கள் நிறுவனம் இந்த ஆண்டு முதன்முறையாக இந்தியச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. செலவிடாவிட்டால் காரணம் எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார் எங்கள் இயக்குநர் ஒருவர். அது சரியா?

அவர் 2014ஆம் ஆண்டின் சட்டத்தைப் படித்திருக்கிறார். அதன்பின் திருத்தங்கள் வந்துவிட்டன. அன்று நிலைமை அவர் சொன்னபடியேதான் இருந்தது. செலவிட முடியாத நிறுவனம் இயக்குநர் குழுவின் அறிக்கையில் காரணத்தைச் சொல்லிவிட்டு அமைதியாக இருந்துவிடலாம். "தகுந்த திட்டம் கிடைக்கவில்லை" என்ற ஒரே வரியை ஆண்டுதோறும் எழுதிய நிறுவனங்களும் உண்டு. 2019இலும் 2020இலும் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் 2021 ஜனவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்த வாசல் அடைக்கப்பட்டது.

வரம்பை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் இருந்தால் போதும். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. இங்கே நிகர லாபம் என்பது 198ஆவது பிரிவின்படி கணக்கிடப்படும், வரிக்கு முந்தைய லாபம். லாப நட்டக் கணக்கின் கடைசி வரியில் உள்ள தொகை அன்று. முதன்முறை வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். செலவிட வேண்டிய தொகை 50 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் தனியே சிஎஸ்ஆர் குழு அமைக்க வேண்டியதில்லை. அந்தப் பணியை இயக்குநர் குழுவே செய்யலாம்.

ஆண்டு முடிந்தும் பணம் மிஞ்சியிருந்தால் இரண்டு வழிகள் உண்டு. பல ஆண்டுத் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தால், மிச்சத்தை 30 நாட்களுக்குள் அதற்கென்றே திறக்கப்பட்ட வங்கிக் கணக்குக்கு மாற்றி, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். அப்படித் திட்டம் எதுவும் இல்லையென்றால், ஆறு மாதங்களுக்குள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் குறிப்பிட்டுள்ள நிதிகளுள் ஒன்றுக்கு அனுப்பிவிட வேண்டும். தவறினால் நிறுவனத்துக்கு, மாற்றத் தவறிய தொகையைப் போல் இரு மடங்கு அல்லது 1 கோடி ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது அபராதம். பொறுப்புள்ள அதிகாரிகளுக்கு அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 லட்சம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தில் மூன்றாண்டுச் சிறைத் தண்டனைகூட இருந்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் அது நடைமுறைக்கு வராமலேயே நீக்கப்பட்டது.

கூடுதலாகச் செலவிட்ட ஆண்டில் அந்தக் கூடுதலை அடுத்த மூன்று ஆண்டுகளில் கழித்துக்கொள்ளலாம் என்பதை உங்கள் இயக்குநரிடம் சொல்லுங்கள். ஓரளவு ஆறுதலாக இருக்கும். ஆனால் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவது, அரசியல் கட்சிக்குக் கொடுப்பது, வழக்கமான வணிக நடவடிக்கையின் பகுதியாக அமைவது ஆகியவை எதுவும் இந்தக் கணக்கில் சேராது. நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): கட்டாயத்தின் பேரில் கொடுப்பதை ஈகை என்று சொல்லலாமா? இது வேறு பெயரில் வந்த வரிதானே?

மொரீஷியஸ் உங்கள் பக்கம் இருக்கிறது. அங்கே நிறுவனங்கள் தாமே தேர்ந்தெடுத்த பணிகளுக்குக் கொடுக்கலாம் என்று தொடங்கிய ஏற்பாட்டில், 2017 முதல் அந்தத் தொகையில் பாதியோ அதற்கு மேலோ வரித்துறையிடம் கட்டப்பட்டு அரசு அமைத்த ஓர் அறக்கட்டளைக்குப் போகிறது. அதை வரி என்று அழைக்கத் தயக்கம் ஏதும் தேவையில்லை. இந்தியாவில் பணத்தை எங்கே செலவிடுவது என்ற முடிவு இன்னும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தின் விளைவு, தொழில் வளர்ந்த மாநிலங்களுக்கே பணம் திரும்பத் திரும்பப் போவது. மகாராஷ்டிரம் பட்டியலின் முதலிடத்தில் இருப்பது வழக்கமாகிவிட்டது. தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தருமாறு சட்டமே சொல்லும்போது, தொழிற்சாலையே இல்லாத மாவட்டத்துக்கு யார் போவார்கள்? அந்த முன்னுரிமை வழிகாட்டுதல்தானே தவிரக் கட்டாயம் அன்று என்று அமைச்சகம் பின்னர் விளக்கம் தந்தது. இந்த விஷயத்தில் வரியே மேல் என்று வாதிட இடமிருக்கிறது. வரிப் பணத்தைப் பின்தங்கிய மாவட்டத்துக்கு அனுப்ப அரசால் முடியும்.

ஈகை என்ற சொல்லைப் பற்றி ஒன்று. சட்டம் வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே, 1912இல், டாட்டா இரும்பு ஆலையில் எட்டு மணி நேர வேலைநாள் கொண்டுவரப்பட்டது. அது ஈகை அன்று, வேலை வாங்கும் முறையில் செய்த மாற்றம். இன்றைய 135ஆவது பிரிவின் கணக்கில் அதற்கு ஒரு ரூபாய்கூட இடம் கிடையாது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி): அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டமே இல்லை. ஆனாலும் கொடையில் அந்நாடுதான் முன்னணியில் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் கட்டாயம் எதற்கு?

இரு வேறு விஷயங்கள் இக்கேள்வியில் கலந்துவிட்டன. அமெரிக்காவின் மொத்தக் கொடையில் மிகப் பெரும் பங்கு தனிமனிதர்கள் தருவது. நிறுவனங்களின் பங்கு பத்தில் ஒன்றைக்கூட எட்டுவதில்லை. பெருஞ்செல்வர்களின் அறக்கட்டளைகளைப் பார்த்துவிட்டு நிறுவனங்களின் கொடை என்று எண்ணிக்கொள்வது பரவலான பிழை.

நிறுவனம் கொடுக்கலாமா என்பதே அங்கு நெடுநாள் வழக்காக இருந்தது. கார் விலையைக் குறைப்பேன், தொழிலை விரிப்பேன், பங்குதாரர்களுக்குச் சிறப்பு ஈவுத்தொகை தரமாட்டேன் என்றார் ஹென்றி ஃபோர்டு. அவர் நிறுவனத்தின் பங்குதாரர்களான டாட்ஜ் சகோதரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வணிக நிறுவனம் முதன்மையாகப் பங்குதாரர்களின் லாபத்துக்காகவே நடத்தப்படுகிறது என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1919இல் சொன்னது. 34 ஆண்டுகள் கழித்து, 1953இல், காற்று எதிர்த்திசையில் வீசியது. வால்வுகளும் தீயணைப்புக் குழாய்களும் செய்யும் ஒரு நிறுவனம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 1,500 டாலர் கொடுத்ததைப் பங்குதாரர்கள் எதிர்த்தபோது, நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்தக் கொடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்க நிறுவனக் கொடையின் சட்ட அடித்தளம் இந்தச் சிறு தொகையில்தான் நிற்கிறது. வணிகத்தின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதே என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1970இல் எழுதியது அனைவரும் அறிந்தது. விதிகளுக்கு உட்பட்டு, ஏமாற்றும் மோசடியும் இல்லாமல் என்ற நிபந்தனையையும் அவர் அதிலேயே சேர்த்திருந்தார்; மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள்.

சட்டமே இல்லை என்பதும் முழு உண்மை அன்று. வங்கித் துறையில் இருந்தவர் என்பதால் 1977ஆம் ஆண்டின் சமூக மறுமுதலீட்டுச் சட்டம் உங்களுக்கு ஆர்வமூட்டும். எந்தப் பகுதியில் வைப்புத்தொகை திரட்டுகிறார்களோ அந்தப் பகுதியின் கடன் தேவையையும், அங்குள்ள குறைந்த வருமானத்தாரின் தேவை உட்பட, வங்கிகள் நிறைவு செய்கின்றனவா என்று ஒழுங்குமுறை அமைப்புகள் மதிப்பிட்டுத் தரம் போடுகின்றன. வங்கி வேறொரு வங்கியை வாங்கவோ கிளை திறக்கவோ அனுமதி கேட்கும்போது அந்தத் தரம் முன்னே வந்து நிற்கும். வங்கி இதில் தானம் எதுவும் செய்வதில்லை. செய்யும் தொழிலையே யாருக்கு மறுக்கிறது என்பதுதான் பார்க்கப்படுகிறது. இதே போல் இறக்குமதியிலும் 2022 ஜூன் முதல் ஒரு கடுமையான விதி நடைமுறையில் இருக்கிறது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உருவான பொருள், கட்டாய உழைப்பால் உருவானதாகவே கருதப்படும். அப்படியன்று என்று மெய்ப்பிப்பது இறக்குமதியாளரின் பொறுப்பு. இந்தியாவின் 2 விழுக்காட்டைக் காட்டிலும் பல நிறுவனங்களை அதிகம் கலங்க வைப்பது இத்தகைய விதிதான்.

கேள்வி (ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனப் பணியாளர்): ஐரோப்பிய வாங்குவோர் ஆண்டுக்கு நான்கு முறை தணிக்கைக்கு ஆள் அனுப்புகிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனிப் படிவம் தருகிறார்கள். இதுவும் சிஎஸ்ஆர் என்கிறார்கள். இதனால் தொழிலாளிக்கு என்ன பயன்?

இவ்வாரக் கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இது.

அந்தப் படிவங்களின் பின்னே இரண்டு பேரழிவுகள் இருக்கின்றன. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தொழிற்சாலை, தொழிலாளர் பாதுகாப்புக்கான எஸ்ஏ 8000 சான்றிதழைப் பெற்றிருந்தது. 2013 ஏப்ரல் 24இல் வங்கதேசத்தின் சாவர் பகுதியில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புகள் தெரிந்தன. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் இருந்த தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கிருந்த தொழிற்சாலைகளிலும் தணிக்கை நடந்திருந்தது. தணிக்கையாளர் சம்பளப் பதிவேட்டைப் பார்த்தார், தீயணைப்புக் கருவியைப் பார்த்தார். தூண் தாங்குமா என்று பார்ப்பது அவர் படிவத்தில் இல்லை.

ராணா பிளாசாவுக்குப் பின் இரண்டு வகை எதிர்வினைகள் பிறந்தன. முதலாவது, வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை. இருநூறுக்கும் மேற்பட்ட வணிகப் பெயர்கள் உலகத் தொழிற்சங்கங்களோடு கையெழுத்திட்ட அந்த ஏட்டில், வாக்குறுதியை மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம் என்ற விதி இருந்தது. சிஎஸ்ஆர் உலகில் அதுவரை பெரும்பாலும் "முயல்வோம்" என்ற சொல்லே இருந்த இடத்தில் "கட்டுப்படுகிறோம்" என்ற சொல் வந்தது அங்கேதான்.

இரண்டாவது, பிரான்சு 2017 மார்ச்சில் இயற்றிய விழிப்புக் கடமைச் சட்டம். உள்நாட்டில் 5,000 ஊழியர்களோ உலகெங்கும் சேர்த்து 10,000 ஊழியர்களோ உள்ள பிரெஞ்சு நிறுவனம், தன் துணை நிறுவனங்களிலும் தனக்குப் பொருள் தருவோரிடத்திலும் மனித உரிமைக்கும் சுற்றுச்சூழலுக்கும் எங்கே ஆபத்து இருக்கிறது என்று கண்டறிந்து, அதைத் தடுக்கும் திட்டத்தை வெளியிட வேண்டும். திட்டம் போதாது என்று கருதும் தொழிற்சங்கமோ அமைப்போ அறிவிப்புக் கொடுத்து, மூன்று மாதத்தில் திருந்தாவிட்டால் நீதிமன்றம் போகலாம். இச்சட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்தைத் திருத்தச் சொன்ன முதல் தீர்ப்பு 2023 டிசம்பரில் பிரெஞ்சு அஞ்சல் நிறுவனத்துக்கு எதிராக வந்தது. ஆபத்துகளை வகைப்படுத்திய முறை மேலோட்டமானது, திருத்துக என்றது பாரிஸ் நீதிமன்றம். ஜெர்மனியின் சட்டம் 2023 ஜனவரியில் 3,000 ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கும், அடுத்த ஆண்டு 1,000 ஊழியர்கள் உள்ளவற்றுக்கும் பொருந்தத் தொடங்கியது. அங்கே பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க அச்சட்டம் புதிய வழி எதையும் தரவில்லை. மாறாக, ஓர் அரசு அலுவலகம் மேற்பார்வையிட்டு, மிகப் பெரிய நிறுவனங்களுக்கு உலகளாவிய விற்றுமுதலில் 2 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். இந்தியாவின் 2 விழுக்காடு லாபத்தில், ஜெர்மனியின் 2 விழுக்காடு விற்றுமுதலில் என்பதை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதைப் பொதுச் சட்டமாக்கிவிட்டு, 2025 ஏப்ரலில் நடைமுறைத் தேதியை ஓராண்டு தள்ளி வைத்தது. யாரெல்லாம் உள்ளே வர வேண்டும் என்ற வரம்பைச் சுருக்கும் பேச்சும் அதே ஆண்டில் நடந்தது. தொழில்துறையின் நெருக்குதலுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

ஆக, உங்கள் வாயிலில் நிற்கும் தணிக்கையாளர் தன் நாட்டு நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டிய காகிதத்தைத் திரட்டிக்கொண்டிருக்கிறார். தொழிலாளிக்கு என்ன பயன் என்று கேட்டீர்கள். காகிதம் மட்டும் சேருமானால் பயன் சிறிது. வாங்குவோர் தாம் தரும் விலையையும் தாம் விதிக்கும் கெடுவையும் மாற்றாமல், இரவு வேலை வாங்கியது ஏன் என்று தொழிற்சாலையை மட்டும் கேட்பது, கழுத்தை நெரித்துக்கொண்டே ஏன் இருமுகிறாய் என்று கேட்பதைப் போன்றது. தணிக்கைச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை வைத்தே அந்த நாட்டுச் சட்டத்தின் நேர்மையை எடை போடலாம். அடுத்த முறை தணிக்கையாளர் வரும்போது, தொழிலாளர்களை மேற்பார்வையாளர் இல்லாத அறையில் சந்திக்கிறாரா என்று கவனியுங்கள். மற்றப் பக்கங்களை விட அந்த அரைமணி நேரம் முக்கியம்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவர்): பிரிட்டனிலும் டென்மார்க்கிலும் அறிக்கை வெளியிட்டால் போதுமாமே?

போதும். டென்மார்க்கில் 2009 முதல் பெரிய நிறுவனங்கள் தம் சமூகப் பொறுப்புக் கொள்கையை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும். கொள்கையே இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். பிரிட்டனின் நவீன அடிமைமுறைச் சட்டம் (2015), 3.6 கோடி பவுண்டு விற்றுமுதல் உள்ள நிறுவனங்களிடம் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை கேட்கிறது. "எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை" என்று எழுதினாலும் சட்டப்படி அது அறிக்கைதான். அப்படி எழுத வெட்கப்படுவார்கள் என்ற நம்பிக்கையில் இயற்றப்பட்ட சட்டம் அது.

கேள்வி (வாசகர்): ஜப்பானியர் இயல்பாகவே பொறுப்புள்ளவர்கள், அங்கே சட்டம் தேவையில்லை என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். உண்மையா?

ஓமி வட்டார வணிகர்களின் "சம்போ யோஷி" என்ற மரபைத்தான் அவர்கள் சொல்லியிருப்பார்கள். விற்பவருக்கு நன்மை, வாங்குபவருக்கு நன்மை, ஊருக்கு நன்மை என்ற அந்த முக்கோணம் இன்றும் ஜப்பானிய நிறுவனங்களின் அறிக்கைகளில் முதற்பக்கத்தில் இடம்பெறுகிறது. லாபத்தில் 1 விழுக்காட்டையாவது சமூகத்துக்குத் தருவோர் சேரும் ஒரு குழுவைப் பெருந்தொழில் கூட்டமைப்பான கெய்தான்ரென் 1990இல் தொடங்கியது, யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அதே நாட்டில்தான் மினமாட்டாவும் இருக்கிறது. சிஸ்ஸோ என்ற இரசாயன நிறுவனம் கடலில் விட்ட பாதரசக் கழிவு மீன்களின் வழியே மக்களின் நரம்புகளை அழித்தது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956இல். காரணம் அந்த நிறுவனத்தின் கழிவே என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல். இடைப்பட்ட 12 ஆண்டுகளும் அந்நகரின் மிகப் பெரிய வேலை தருநர் அந்த நிறுவனமே. ஊரே அதை நம்பி வாழ்ந்ததால் பாதிக்கப்பட்டவர்கள் பேசவே அஞ்சினார்கள். இயல்பான பொறுப்பு என்று பேசுவோர் இந்த 12 ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்துப் பேச வேண்டும்.

கேள்வி (வாசகி): சீனாவில்?

நிறுவனங்கள் சமூகப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற சொற்கள் 2006இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு நிறுவனச் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டன. அளவும் இல்லை, தண்டனையும் இல்லை. அங்கே சட்டத்தைக் காட்டிலும் காலத்தின் குறிப்பறிதல் முக்கியம். 2008ஆம் ஆண்டு சிச்சுவான் நிலநடுக்கத்தின்போது வான்கே என்ற வீட்டுமனை நிறுவனம் 20 லட்சம் யுவான் மட்டும் கொடுத்ததால் இணையத்தில் மக்கள் கொதித்தெழ, பின்னர் 10 கோடி யுவான் தருவதாக அறிவித்தது. 2021இல் "பொதுவளம்", அதாவது செல்வம் எல்லோருக்கும் பரவ வேண்டும், என்ற முழக்கம் மேலிடத்திலிருந்து வந்ததும் இணைய நிறுவனமான டென்சென்ட் தன் ஒதுக்கீட்டை 10,000 கோடி யுவானாக உயர்த்தியது, மற்றோர் இணைய நிறுவனமான அலிபாபாவும் 10,000 கோடி யுவான் ஒதுக்குவதாக அறிவித்தது. இந்தியக் கணக்காளருக்கு ஏழாவது அட்டவணை இருக்கிறது. சீனக் கணக்காளர் செய்தித்தாளின் முதல் பக்கத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி (சமூகப்பணித் துறை ஆய்வாளர்): தென் ஆப்பிரிக்காவின் மதிப்பெண் முறையை இந்தியாவுக்கு மாற்றாகப் பரிந்துரைக்கலாமா?

மதிப்பெண் முறையின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். 2003ஆம் ஆண்டின் விரிவான கறுப்பின மக்கள் பொருளாதார அதிகாரமளிப்புச் சட்டத்தின் கீழ், உரிமையில் யாருக்குப் பங்கு, நிர்வாகத்தில் யார், யாருக்குப் பயிற்சி, யாரிடம் கொள்முதல் என்று எல்லாவற்றுக்கும் புள்ளிகள் உண்டு. சமூக மேம்பாட்டுக்கு வரிக்குப் பிந்தைய லாபத்தில் 1 விழுக்காடு என்ற இலக்கு அந்தப் பட்டியலில் ஒரு சிறு வரி மட்டுமே. புள்ளி குறைந்தால் அபராதம் வராது, ஆனால் அரசு ஒப்பந்தம் கைநழுவும். உங்களிடம் வாங்கும் பெரிய நிறுவனமும் தன் புள்ளியைக் காக்க வேறு இடம் தேடும். நிறவெறி ஆட்சியின் வடுவிலிருந்து பிறந்த முறை என்பதால், லாபத்தில் பங்கு என்பதோடு நிற்காமல் தொழிலின் உள்ளமைப்பையே கேள்வி கேட்கிறது.

பரிந்துரைக்கும் முன் மரிக்கானா என்ற சுரங்க ஊரில் நடந்ததையும் படியுங்கள். தென் ஆப்பிரிக்காவில் சுரங்க உரிமம் பெற, தொழிலாளர் நலனுக்கான திட்டம் ஒன்றை நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும். உரிமத்தின் நிபந்தனையே அது. லோன்மின் என்ற பிளாட்டினச் சுரங்க நிறுவனம் தொழிலாளர்களுக்கு 5,500 வீடுகள் கட்டித் தருவதாக அப்படி எழுதிக் கொடுத்திருந்தது. கட்டியது மூன்று, அதுவும் மாதிரி வீடுகள். 2012 ஆகஸ்ட் 16இல் கூலி உயர்வு கேட்டு நின்ற சுரங்கத் தொழிலாளர்கள் 34 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றபின், விசாரணை ஆணையத்தின் முன்தான் இந்த மூன்று என்ற எண் உலகத்தின் கண்ணில் பட்டது. தாளில் இந்தியச் சட்டத்தை விட வலிமையான ஏற்பாடு அது. மேற்பார்வையிட வேண்டிய அரசுத் துறை ஆண்டுதோறும் அறிக்கையை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டது. ஆகவே முறையைப் பரிந்துரைக்கும்போது, அதைச் சரிபார்க்கும் ஆளையும் சேர்த்துப் பரிந்துரையுங்கள்.

கேள்வி (சிறுதொழில் முனைவோர்): ஐஎஸ்ஓ 26000 சான்றிதழ் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 2010இல் வெளியான ஐஎஸ்ஓ 26000 சமூகப் பொறுப்புக்கான வழிகாட்டி மட்டுமே. அதற்குச் சான்றிதழ் கிடையாது என்று அந்த ஏட்டின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

கேள்வி (வாசகி): நான் பொருள் வாங்குபவள் மட்டுமே. ஒரு நிறுவனம் சொல்வது உண்மையா என்று கேட்க எனக்கு உரிமை உண்டா?

நார்வேயில் உண்டு. 2022 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி யார் வேண்டுமானாலும், அந்நாட்டுக் குடிமகனாகக்கூட இருக்க வேண்டியதில்லை, ஒரு பெரிய நிறுவனத்துக்கு எழுதி, இந்தப் பொருள் உருவான இடத்தில் தொழிலாளர் நிலைமைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கலாம். நிறுவனம் மூன்று வாரத்துக்குள் பதில் தர வேண்டும். கேள்வி பெரிதாக இருந்தால் இரண்டு மாதம்.

இந்தியாவில் அப்படிக் கேட்டுப் பெறும் உரிமை இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனத்தை நேரடியாகத் தொடாது. ஆனால் வரம்புக்குள் வரும் நிறுவனம் தன் சிஎஸ்ஆர் குழு, கொள்கை, ஒப்புதல் பெற்ற திட்டங்கள் ஆகியவற்றை, இணையதளம் இருந்தால், அதில் வெளியிட வேண்டும். ஆண்டறிக்கையின் இணைப்பில் எவ்வளவு செலவிட வேண்டும், எவ்வளவு செலவிட்டார்கள், யார் வழியாகச் செலவிட்டார்கள் என்ற அட்டவணை இருக்கும். ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாய்க்குக் குறையாமல் செலவிட வேண்டிய நிறுவனம், 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்கு வெளியாரைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். அந்த மதிப்பீடும் ஆண்டறிக்கையோடு இணைக்கப்படும். முதலில் அந்த அட்டவணையில் "செயல்படுத்திய அமைப்பு" என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே ஆண்டுதோறும் நிறுவனத்தின் சொந்த அறக்கட்டளையின் பெயர் மட்டுமே இருந்தால், அடுத்து அந்த அறக்கட்டளையின் கணக்கைத் தேடுங்கள்.